எஃகும் சாணையும்

மக்கள் தம் கைக்குத் துணையாகக் கண்ட கருவிகள் எண்ணிறந்தன. அவற்றுள் கத்தியினும் எளியதும், கத்தியினும் இன்றியமையாததும் பிறிதொன்று உளதோ என்பது ஐயத்திற்குரியதே. பிறந்த குழவியின் கொப்பூழ்க்கொடியை அறுப்பது அது. மணவீட்டுப் பந்தற்கு வாழையை வெட்டித் தருவதும் அதுவே. உழவர் கையில் அரிவாளாகவும், மருத்துவர் கையில் அறுவைக் கருவியாகவும், தச்சர் கையில் உளியாகவும், அடுக்களையில் அரிவாள்மணையாகவும் நின்று ஊழியம் புரியும் இப்பொருளை நாம் விலைகொடுத்து வாங்குகின்றோம்; பயன் கொள்ளுகின்றோம்; ஆனால் அதனைப் பேணும் வகையை மட்டும் பெரும்பாலும் அறிந்தோமில்லை. மழுங்கிய கத்தியோடு நாடோறும் மல்லாடி, அதுவே இயற்கை என்று எண்ணி வாழ்நாளைக் கழிப்பார் பலர்.

யான் கொல்லனும் அல்லேன். சாணை பிடிப்பவனும் அல்லேன். மாணவர்க்குப் பாடஞ் சொல்லி வாழ்பவன். எனினும், பல ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில், இல்லத்தின் பின்கட்டில் ஒரு கல்லை நீரில் ஊறவைத்துக்கொண்டு, சுற்றத்தாரும் அயலாரும் கொணர்ந்து தரும் கத்திகளைத் தீட்டிக் கொடுக்கும் வழக்கம் எனக்கு உண்டு. கூலியென யான் பெறுவது பெரும்பாலும் ஒரு சீப்பு வாழைப்பழம்; சில வேளை ஒரு குவளை மோர். என் கைக்கு வந்த கத்திகள் பலவற்றைத் தொட்டறிந்தபின் யான் தெளிந்த உண்மை ஒன்று: கத்தி என்பது ஒரு பெயரேயன்றி ஒரு பொருளன்று. எஃகு பலவகை, வகைக்கொரு குணம், குணத்திற்கொரு கல். இவ்வுண்மையை இம்மலரைப் படிக்கும் அன்பர்க்கு எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண், கூர்மை என்பது யாது என ஆராய்தல் வேண்டும். அலகின் இரு பக்கங்களும் சரிந்துவந்து ஒரு கோட்டிற் கூடும் இடமே கத்தியின் வாய். அவ்விடம் எத்துணை மெல்லியதோ அத்துணைக் கூர்மை. தலைமயிர் ஓரிழையின் பருமன் பெரும்பாலும் 50 மைக்ரானுக்கும் 100 மைக்ரானுக்கும் இடைப்பட்டது; மைக்ரான் என்பது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு கூறு. நன்கு தீட்டிய கத்தியின் வாயோ ஒரு மைக்ரானினும் குறுகியது. கையின் விசை முழுவதும் அச்சிறு பரப்பின்மீது குவிதலால், கனிந்த தக்காளியின் தோலும் நசுங்காமற் பிளவுபடுகின்றது. வாய் மழுங்கியவழி அதே விசை அகன்ற பரப்பிற் சிதறுகின்றது. நாம் மேலும் அழுத்துகின்றோம், அழுத்திய கத்தி வழுக்குகின்றது, விரல் வெட்டுப்படுகின்றது. கூரிய கத்தியினும் மழுங்கிய கத்தியே கைக்குப் பகை என்று முதியோர் கூறுவதன் காரணம் இதுவே.

கத்தி மழுங்குதலும் ஒருவகையால் மட்டும் நிகழ்வதன்று. மென்மையான எஃகாயின் வாய் ஒருபுறமாக மடங்கிவிடும். கடினமான எஃகாயின் மடங்காது. நுண்ணிய சில்லுகளாக உதிரும். இவ்விரண்டுமன்றி, நாட்பட்ட உராய்வினால் தேய்தலும் உண்டு. எலுமிச்சை, புளி முதலியவற்றின் புளிப்பால் அரிக்கப்படுதலும் உண்டு. தன்னினும் ஐம்பது மடங்கு மென்மையான மயிரை மழிக்கும் சவரக்கத்தி ஏன் மழுங்குகின்றது என்ற வினாவிற்கு, அமெரிக்க நாட்டு மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஆராய்ச்சியாளர் 2020-ஆம் ஆண்டில் விடை கண்டு வெளியிட்டனர். மயிர் வளைந்து வாயைப் பக்கவாட்டில் தாக்கும்பொழுது, எஃகின் உள்ளமைப்பு ஒருசீராக இல்லாத இடங்களில் நுண்ணிய சில்லுகள் பெயர்கின்றன என்பதை அவர் மின்னணு நுண்ணோக்கியாற் கண்டனர். ஆகவே, கூர்மை வடிவத்தைப் பொறுத்தது. அக்கூர்மை நிலைத்தலோ எஃகின் உள்ளியல்பைப் பொறுத்தது.

அற்றேல், எஃகு என்பது யாது? இரும்போடு சிறிதளவு கரிச்சத்து கலந்ததே எஃகு. நூற்றுக்கு இரண்டு பங்கிற்குமேற் கரி சேர்ந்தால் அது வார்ப்பிரும்பு, அடித்தால் உடையும். கரி மிகவும் குறைந்தால் அது மெல்லிரும்பு, அடித்தால் வளையும், கூர் நில்லாது. இவ்விரண்டிற்கும் இடையில், நூற்றுக்கு அரைப் பங்கு முதல் ஒன்றரைப் பங்கு வரை கரி உடையதே பெரும்பாலும் கத்திக்கு உகந்தது. இதனை ஏறக்குறைய 800 பாகை சென்டிகிரேட் வெப்பத்திற் செந்தழலாகக் காய்ச்சி, நீரிலோ எண்ணெயிலோ திடுமென ஆழ்த்தினால் எஃகு மிகக் கடினமாகும்; ஆனால் கண்ணாடிபோல் நொறுங்குந் தன்மையும் அடையும். பின்னர் மீண்டும் 200 பாகை அளவிற்கு மெல்லச் சூடாக்கினால், கடினத்திற் சிறிது குறைந்து உறுதி பெறும். நம் ஊர்க் கொல்லர் இதனைத் துவைச்சல் என்பர். வெப்பமானி ஒன்றுமின்றி, அலகின்மீது ஓடும் வைக்கோல்நிறத்தையும் நீலநிறத்தையும் கண்டே அவர் பதம் அறிவர். கத்தியின் நன்மை தீமை எல்லாம் அச்சில நொடிகளில் முடிவுசெய்யப்படுகின்றன.

எஃகு என்னுஞ் சொல்லே நந்தமிழில் உலோகத்தையும் படைக்கலத்தையும் கூர்மையையும் ஒருங்கு குறிப்பது. உருக்கு என்பதும் அதற்கு ஒரு பெயர். ஈரோடு மாவட்டத்தில் நொய்யலாற்றங்கரையில் உள்ள கொடுமணலில் நிகழ்ந்த அகழாய்வுகள், பண்டைக் காலத்து இரும்புத்தொழிலின் உலைகளை வெளிப்படுத்தியுள்ளன. தென்னிந்தியாவில் மண்குகைகளில் இரும்பையும் மரத்தூள் இலை முதலியவற்றையும் அடைத்து உருக்கிச் செய்த எஃகே மேனாட்டார் 'ஊட்ஸ்' என்று வியந்த பொருள். கன்னடத்தில் எஃகைக் குறிக்கும் 'உக்கு' என்ற சொல்லே அப்பெயராகத் திரிந்தது என்பர். அதிற் கரி நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு வரை இருந்தது. 1795-ஆம் ஆண்டில் ஜார்ஜ் பியர்சன் என்பார் இலண்டன் அரச கழகத்தில் அதனைப் பற்றிய ஆராய்ச்சியை வெளியிட்டார். கொல்லர் ஒருவரின் மைந்தராகப் பிறந்து, பின்னாளில் மின்னியலிற் பெரும்புகழ் எய்திய மைக்கேல் பாரடே, கத்தி செய்வதில் வல்ல ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்பாரோடு கூடி, இந்த எஃகை ஒப்பச் செய்ய முயன்று, 1820, 1822 ஆகிய ஆண்டுகளில் எஃகுக் கலவைகளைப் பற்றிய கட்டுரைகளை வெளியிட்டார். நம் நாட்டுக் கொல்லன் குகையிற் பிறந்த எஃகுத்துண்டு, உலகறிந்த ஓர் அறிஞரின் ஆய்வுமேசைக்கு ஏறியமை நாம் மறத்தற்குரியதன்று.

இவ்விடத்து ஒளவையார் தூது சென்ற செய்தி நினைவிற்கு வருகின்றது. தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டியபொழுது, மயிற்பீலி அணிந்து, நெய் பூசப்பெற்று, காவல் மிக்க மனையில் அழகுற நின்ற படைக்கலங்களை அவர் கண்டார். அதியமானுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லனது உலைக்கூடத்திற் கிடக்கின்றன என்று அவர் உரைத்ததைப் புறநானூறு கூறும். பழித்தாற்போலப் புகழ்ந்த அவ்வுரையின் நயத்தைத் தமிழாசிரியர் விரிப்பர். கத்தி தீட்டுவோன் அதிற் காண்பது வேறொன்று: பயன்படும் கருவி பழுதுபடும், பழுதுபட்டது மீண்டும் கொல்லனிடம் செல்லும், பீலி சூட்டி வைத்தது என்றும் புதிதாகவே இருக்கும். எங்கள் தெருவிலும் பல இல்லங்களில் அயல்நாட்டுக் கத்தித் தொகுதிகள் கண்ணாடி அலமாரியில் அங்ஙனமே வீற்றிருக்கின்றன.

இனி, என் கைக்கு வரும் கத்திகளின் வகைகளைக் கூறுவேன். அவற்றைப் பிரித்தறியும் முறையை எனக்குக் காட்டியவர், மிதிவண்டியிற் சாணைச் சக்கரம் பூட்டி எங்கள் தெருவிற்கு வந்துகொண்டிருந்த முதியவர் ஒருவர். கத்தியைச் சக்கரத்தில் ஒருகணம் வைப்பார். எழும் பொறியை நோக்குவார். 'பூ விழுந்தா உருக்கு சார்; விழலேன்னா சில்வர்' என்பார். அவர் கூறியது முற்றிலும் உண்மை. கரி மிகுந்த எஃகின் பொறிகள் வெள்ளொளியோடு பறந்து, நுனியில் மத்தாப்புப்போற் கிளைத்து வெடிக்கும். குரோமியம் மிகுந்த எஃகின் பொறிகள் குறுகிச் சிவந்து, அத்துணைப் பூவாது. தொழிற்சாலைகளிற் பொருள்களைச் சோதிப்போர் இன்றும் இம்முறையைக் கையாளுகின்றனர். நூல் எதுவும் பயிலாத அப்பெரியவர் நாற்பதாண்டுத் தொழிலிலிருந்து அதனைத் தாமே கற்றிருந்தார்.

பூ விழும் வகையே முதலாவது. அரிவாள், வெட்டரிவாள், அரிவாள்மணை முதலியன பெரும்பாலும் இவ்வகையின. அரிவாளுக்குப் பேர்பெற்ற சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தியை அறியாதார் யார்? பழைய லாரியின் அடியில் உழைத்து ஓய்ந்த வில்பட்டையை வாங்கி, காய்ச்சி அடித்து அரிவாளாக்குதல் நம் கொல்லர் பலர்க்கு வழக்கம். சுமையைத் தாங்கி வளைந்து நிமிர்ந்த எஃகு ஆதலின், அது எளிதில் உடையாது. இவ்வெஃகு தீட்டுவோனுக்கு உற்ற நண்பன். எக்கல்லுக்கும் இணங்கும், விரைவிற் கூர் ஏறும், எழும் பிசிறும் தானே உதிரும். கல் இல்லாத இல்லங்களில் அம்மியின் விளிம்பிலோ, பீங்கான் சாடியின் அடிவளையத்திலோ நம் தாய்மார் இதனைத் தீட்டிக்கொண்டமை இதனால் இயன்றதே. இதன் குறை ஒன்றே: ஈரம் பட்டுக் கிடந்தாற் துருவேறும். நறுக்கியவுடன் கழுவித் துடைத்து, ஒரு துளி எண்ணெய் தடவினால் அக்குறையும் இல்லை.

இரண்டாவது வகை கறைபடா எஃகு. இங்கிலாந்தின் ஷெபீல்டு நகர் கத்தித் தொழிலின் தாயகம். அந்நகர்க்கு அணித்தே பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் என்ற கடிகாரத் தொழிலாளர், கடிகார வில்லுக்கு நல்ல எஃகு வேண்டி, 1740-ஆம் ஆண்டளவில் எஃகைக் குகையில் உருக்கும் முறையை அங்கே நிறுவினார். நம் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கிய ஜோசயா மார்ஷல் ஹீத் என்பார், பின்னர்த் தாய்நாடு திரும்பி, எஃகிற் மாங்கனீஸ் சேர்க்கும் முறைக்கு 1839-இற் காப்புரிமை பெற்றதும், அம்முறை ஷெபீல்டு எஃகைச் சிறப்பித்ததும் வரலாறு. அந்நகரிற் பிறந்த ஹாரி பிரியர்லி, துப்பாக்கிக் குழாய்களின் உட்புறம் அரிபடாமற் காக்கும் எஃகைத் தேடியபொழுது, 1913-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், நூற்றுக்கு 12.8 பங்கு குரோமியமும் 0.24 பங்கு கரியும் கொண்ட எஃகை உருக்கினார். அது எலுமிச்சைச் சாற்றுக்கும் காடிக்கும் அசையாமை கண்டு, கத்திக்கு உதவும் என உணர்ந்தார். தொடக்கத்திற் செய்த கத்திகள் நன்கு துவைச்சல் பெறாமையின், வெட்டாத கத்தியைக் கண்டவர் என்று தொழிலாளர் அவரை எள்ளினர். பின்னர் அவரே வென்றார் என்பதற்கு நம் அடுக்களைகளே சான்று.

ஈண்டு ஒரு மயக்கத்தை விலக்குதல் வேண்டும். நாம் எவர்சில்வர் என்று வழங்கும் பாத்திரங்களின் எஃகும், நல்ல கறைபடாக் கத்தியின் எஃகும் ஒன்றல்ல. 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் சேர்ந்த பாத்திர எஃகைக் காய்ச்சி நீரில் ஆழ்த்தினாலும் கடினமாகாது. அதிற் செய்த அலகைத் தீட்டினால், முதல் வெங்காயத்திற் கூர் தெரியும். மூன்றாம் வெங்காயத்தில் மறையும். காந்தத்தை அருகிற் கொணர்ந்தால் வேறுபாடு பெரும்பாலும் புலப்படும்: துவைச்சல் ஏற்கும் கத்தி எஃகு காந்தத்தை நன்கு பற்றும், அப்பாத்திர எஃகு பற்றாது, அல்லது மிகச் சிறிதே பற்றும். கத்தி வாங்கச் செல்வோர் ஒரு சிறு காந்தத்தைச் சட்டைப்பையில் இட்டுச் செல்வாராயின் பணம் மிஞ்சும்.

கறைபடாக் கத்தியைத் தீட்டுவோன் பொறுமையைக் கற்பான். கடைகளில் மலிவாகக் கிடைப்பன மென்மையானவை. ஒரு பக்கத்தைத் தேய்த்தால் மறுபக்கத்திற் பிசிறு எழும்; மறுபக்கத்தைத் தேய்த்தால் முதற் பக்கத்திற்குச் சாயும்; உதிராது. பிசிறோடு நிற்கும் கத்தி அன்றைக்குக் கூரியதுபோற் தோன்றும், மறுநாளே மடங்கிவிடும். அதனை நீக்குதற்கு, அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்து, பக்கத்திற்கு ஒரு முறையாக மாற்றி மாற்றி மெல்லத் தீற்றி, முடிவில் தோல்வாரிற் பின்னோக்கி இழுத்தல் வேண்டும். கசாப்புக் கடைக்காரர் எஃகுக் கோலிற் கத்தியை இருபுறமும் வீசித் தேய்ப்பதும் இவ்வகைக்கே பொருந்தும். அக்கோல் பெரும்பாலும் எஃகை அறுப்பதில்லை. மடங்கிய வாயை நிமிர்த்துவதே அதன் தொழில்.

மூன்றாவது வகை ஜப்பானியர் கத்தி. ராக்வெல் என்னும் இருவர் அமெரிக்காவில் அமைத்து, 1919-இற் காப்புரிமை பெற்ற அளவையாற் கூறின், ஐரோப்பிய அடுக்களைக் கத்திகள் பெரும்பாலும் 54 முதல் 58 வரை கடினம் உடையன. ஜப்பானியர் கத்திகள் 60 முதல் 64 வரை. அந்நாட்டார் வெள்ளைத்தாள் எஃகு, நீலத்தாள் எஃகு என வழங்குவர். நிறம் எஃகினுடையதன்று, ஆலையில் அதனைச் சுற்றிவைக்கும் தாளினுடையது. வெள்ளை என்பது மாசு நீங்கிய கரியெஃகு. நீலம் என்பது அதனோடு டங்ஸ்டனும் குரோமியமும் சிறிது சேர்ந்தது. என் பழைய மாணாக்கர் ஒருவர் அந்நாட்டிலிருந்து கொணர்ந்த வெள்ளைத்தாள் எஃகுக் கத்தியைத் தீட்டிய நாளை யான் மறவேன். நீரில் ஊறிய கல்லின்மீது அது சென்ற ஓசையே வேறு. பக்கத்திற்குப் பதினைந்து இழுப்பிற் கூர் ஏறிற்று. ஆயினும் அத்தகைய கத்தியை எஃகுக் கோலிற் தட்டினாலும், எலும்பில் வெட்டினாலும் சில்லுச் சில்லாக உதிரும். கடினம் மிக்கார்க்கு வளையும் ஆற்றல் குறைவு.

நான்காவது வகை ஆலைகளிலிருந்து வருவது. பிரெடெரிக் டெய்லரும் மான்செல் ஒயிட்டும் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் ஆராய்ந்து கண்ட அதிவேக எஃகு, டங்ஸ்டன் மிக்கது. 500 பாகைக்கு மேற் சூடேறினும் தன் கடினத்தை இழவாதது. ஆலைகளில் தேய்ந்து கழிந்த இரம்பத் தகட்டைத் தேய்த்துக் கத்தியாக்கிக் கொள்வார் பலர். இதன் இன்னும் முற்றிய இனம், எஃகைப் பொடியாக்கி அழுத்திச் செய்யும் இக்காலத்துக் கலவைகள். இவற்றுட் சிலவற்றில் வனேடியம் நூற்றுக்கு 4 பங்கும் அதற்கு மேலும் உண்டு. இவ்விரண்டும் எளிதில் மழுங்கா. ஆனால், எளிதில் மழுங்காதது எளிதில் தீட்டவும் இடந்தராது என்பதைத் தீட்டுவோன் கை அறியும்.

அதற்குக் காரணம் கல்லின் இயல்பிலும் எஃகின் இயல்பிலும் உள்ளது. தன்னிற் கடினமான பொருளே ஒன்றை அறுக்கும். விக்கர்ஸ் என்னும் அளவையால், நன்கு துவைச்சல் பெற்ற கத்தி எஃகு ஏறக்குறைய 700. இயற்கைக் கற்களில் உள்ள படிகம் 1,100 அளவினது. ஆதலின் பண்டைய மணற்கல்லும், அமெரிக்க நாட்டு அர்க்கன்சாசுக் கல்லும் கரியெஃகிற்கு இனிது போதியனவாயின. கறைபடா எஃகில் மிதக்கும் குரோமியக் கரித்துகள்களோ 1,500 அளவின. அவற்றிற்கு 2,000 அளவினதாகிய அலுமினிய ஆக்சைடு வேண்டும். எட்வர்டு அச்சிசன் செயற்கை வயிரம் செய்யப் புகுந்து, 1891-இற் கண்ட கார்போரண்டம் 2,500 அளவினது. வனேடியக் கரித்துகளோ 2,800 அளவினது. மேற்கூறிய கற்கள் இரண்டிற்கும் அது பணியாது. அவற்றில் தேய்த்தால் துகளைச் சூழ்ந்த எஃகே கரையும், துகள் நிற்கும், வேலை நீளும். அத்தகைய கத்திக்கு வயிரத்தூள் பதித்த தகடே தக்கது. பழுது கத்தியினுடையதுமன்று, கையினுடையதுமன்று. பொருந்தாத கல்லினுடையதே என்று அறிந்தால், வீண் சினம் ஒழியும்.

தீட்டும் முறையையும் சுருங்கக் கூறுவேன். முதலாவது, சாய்வு. வெட்டரிவாளுக்குப் பக்கத்திற்கு 25 பாகையும் அதற்கு மேலும், பொதுக் கத்திக்கு 20 பாகை, கடினமான மெல்லிய கத்திக்கு 15 பாகை என்பது நல்லளவு. அலகின் அகலம் 4 சென்டிமீட்டராயின், முதுகைக் கல்லிலிருந்து 1 சென்டிமீட்டர் உயர்த்தினால் 15 பாகை, 1.4 சென்டிமீட்டர் உயர்த்தினால் 20 பாகை. எடுத்த சாய்வை இறுதிவரை மாறாது காத்தலே இக்கலையின் பாதி. இரண்டாவது, பிசிறு. ஒரு பக்கத்தைத் தேய்க்கும்பொழுது மறுபக்கத்தில் நுனிமுதல் அடிவரை மெல்லிய பிசிறு விரலுக்குத் தட்டுப்படும்வரை நிறுத்தலாகாது. தட்டுப்பட்டபின் ஓர் இழுப்பும் மிகையாகச் செய்யலாகாது. மூன்றாவது, கல்லின் வரிசை. பொக்கை விழுந்த வாய்க்கு 400 எண்ணிற்கு உட்பட்ட முரட்டுக் கல். வழக்கமான தீட்டலுக்கு 1,000. மெருகிற்கு 3,000-உம் மேலும். அடுக்களைக்கு 1,000 எண் கல் ஒன்றே பெரும்பாலும் அமையும். நான்காவது, வெப்பம். உலர்ந்த மின்சாணையில் அலகை அழுத்தினால் வாயில் நீலநிறம் தோன்றும். அவ்விடத்திற் கொல்லன் இட்ட துவைச்சல் அழிந்தது என்பதற்கு அதுவே அடையாளம். அந்நீலம் படிந்த பகுதி முழுவதையும் தேய்த்து நீக்கினாலன்றிக் கூர் நில்லாது. ஆதலின், நீர் தெளித்து மெல்லச் செய்வதே முறை.

இவையெல்லாம் பொழுதுபோக்கு என்று கருதுவார்க்கு என் இல்லத்து நிகழ்ச்சி ஒன்றைக் கூறுவேன். என் தந்தையார் மறைந்தபின் அன்னையார் எங்கள் ஊரில், தாம் மணமகளாய்ப் புகுந்த இல்லத்திலே தனியே வாழ்ந்துவந்தார். அவர்க்கு அப்பொழுது ஆண்டு எழுபத்தெட்டு. 'கையில் வலு இல்லை. பூசணிக்காயில் அரிவாள்மணை இறங்கவில்லை. வாழைத்தண்டை அரிந்தால் மணிக்கட்டு இரவெல்லாம் வலிக்கின்றது' என்று தொலைபேசியில் அடிக்கடி கூறலானார். எந்த வயதிலும் பிறர் சமைத்ததை உண்டறியாதவர், ஒருவேளைக் கஞ்சியோடு நிறுத்திக்கொள்ளத் தொடங்கினார். எங்கள் தமக்கையார், இனி அன்னையைத் தனியே விடுதல் தகாது, இல்லத்தைப் பூட்டிவிட்டு நகரத்திற்கு அழைத்துச் செல்வதே நன்று என்றார். அன்னையாரும், மனமில்லாமலே, ஆகட்டும் என்று இசைந்தார். தைப்பொங்கல் கழிந்தபின் புறப்படுவது என்று நாளும் குறித்தாயிற்று.

பொங்கலுக்கு முன்னாள் யான் ஊர் சென்றேன். அடுக்களையில் அந்த அரிவாள்மணை கிடந்தது. அன்னையார்க்கு மணமானபொழுது அவர்தம் தந்தையார் கொல்லனிடம் சொல்லிச் செய்வித்தது. பலகை எண்ணெயும் கையும் பட்டுக் கறுத்திருந்தது. ஒருகாலத்தில் உள்ளங்கை அகலம் இருந்த அலகு, ஐம்பத்தைந்து ஆண்டுத் தீட்டலில் தேய்ந்து பிறைபோல் நின்றது. பெருவிரலை வாயின் குறுக்கே மெல்ல வைத்தேன். கரண்டியின் விளிம்பை ஒத்திருந்தது. ஆண்டுதோறும் அதனை வாங்கித் தீட்டித் தந்த ஊர்க் கொல்லர் இறந்து மூன்றாண்டுகள் ஆயின. அவர் மக்கள் வேறு தொழிலுக்குச் சென்றுவிட்டனர். அவ்வூருக்குச் சாணை பிடிப்பவரும் வருவதில்லை என்பது கேட்டறிந்தேன்.

அரிவாள்மணை பலகையிற் பொருந்தி நிற்பது, அலகும் வளைந்தது, ஆதலின் அதனைக் கல்லுக்குக் கொண்டுசெல்ல இயலாது, கல்லை அதனிடம் கொண்டுசெல்லல் வேண்டும். திண்ணையில் அமர்ந்து, பலகையை முழங்காலால் அழுத்திக்கொண்டு, கார்போரண்டக் கல் ஒன்றை நீரில் நனைத்து, வளைவைப் பின்பற்றி மேலும் கீழும் தேய்த்தேன். பழங்கரியெஃகு, அரை நாழிகையிற் பிசிறு எழுந்தது. பின்னர் நுண்கல்லால் இருபுறமும் தீற்றி, பழைய தோல்வாரின் துண்டொன்றால் முடித்தேன். அன்னையாரிடம் ஒன்றும் சொல்லாமல் இருந்த இடத்திலேயே வைத்தேன்.

மறுநாட் காலை அவர் பொங்கற் குழம்பிற்குப் பூசணிக்கீற்றை எடுத்து, வழக்கம்போல் இரு கையாலும் இறுகப் பற்றி, அலகில் வைத்து அழுத்தினார். கீற்று இரண்டாகிப் பலகையில் விழுந்தது. அவர் சிறிதுநேரம் அதனையே நோக்கியிருந்தார். பின்னர் அடுத்ததை ஒரு கையால் அரிந்தார். 'தம்பி, கை போயிடுச்சுன்னு நெனச்சேன். கத்திதான் போயிருக்கு' என்றார். அன்றைக்கு ஏழு காய்க் குழம்பும் அவரே செய்தார். உண்டு முடித்தபின், நகரப் பயணத்தைப் பற்றி அவரும் எடுக்கவில்லை, தமக்கையாரும் எடுக்கவில்லை.

அவர்க்கு முதுமையே வரவில்லை என்று யான் கூறவில்லை. முழங்கால் வலி உண்மை. கண் மங்கியது உண்மை. ஆனால் கையின்மேல் ஏற்றப்பட்ட பழி கத்தியினுடையது. அதன்பின் நான்காண்டுகள் அன்னையார் தம் இல்லத்திலேயே, தம் கையால் ஆக்கி உண்டு, தாம் நட்ட முருங்கையின் நிழலில் வாழ்ந்தார். திங்களுக்கு ஒருமுறை யான் கல்லோடு சென்றேன். முதியோர் பலர் தம் ஆற்றல் குன்றிற்றென்று தாமே தீர்ப்புக் கூறிக்கொண்டு ஒதுங்குகின்றனர். அவர் கையிலுள்ள கருவியை நாம் ஒருமுறை சோதித்தோமா என்ற வினா அன்று முதல் என்னை விட்டு நீங்கவில்லை.

தீட்டுதல் என்பது ஒருவகையில் அழித்தலே. ஒவ்வொரு முறையும் அலகின் ஒரு சிறு பகுதி சேறாகிக் கல்லின்மீது கருமையாய்ப் படிகின்றது; நீரோடு கழிகின்றது. என்றேனும் ஒருநாள் அந்த அரிவாள்மணையின் பிறை கோடாகும், கோடும் இல்லையாகும். அதற்கு அஞ்சித் தீட்டாமல் வைத்தால், தேயாமல் இருக்கும், வெட்டாமலும் இருக்கும். ஆதலின், வேண்டிய அளவே தேய்த்தலும், வேண்டும்பொழுது தேய்க்கத் தயங்காமையும் ஆகிய இரண்டுமே கத்தியைப் பேணுவோர் கடன். நாடோறும் முரட்டுச் சாணைக்கு இடுவோர் பத்தாண்டிற் கத்தியை இழப்பர். தோல்வாரும் நுண்கல்லும் கொண்டு பேணுவோர் அதனைத் தம் மக்களுக்கு விட்டுச்செல்வர்.

மாணவ நண்பர்களே, கல்லூரி விடுமுறை அணித்தே வருகின்றது. இல்லம் சென்றதும் அடுக்களையுட் புகுந்து, அங்குள்ள கத்தியை எடுத்துப் பாருங்கள். வாயின்மீது ஒளி படும்படி பிடியுங்கள். கூரிய வாய் ஒளியைத் திருப்பாது. மழுங்கிய வாய் வெள்ளிக் கோடாய் மின்னும். மின்னுமாயின், கடைத்தெருவில் 1,000 எண் கல் ஒன்று வாங்கி, நீரில் நனைத்து, முதுகை ஒரு சென்டிமீட்டர் உயர்த்தித் தொடங்குங்கள். முதல்நாள் கை தடுமாறும். மூன்றாம் நாள் சாய்வு நிலைக்கும். பின்னர்க் கத்தியை உங்கள் அன்னையார் கையிற் கொடுத்து, ஒன்றும் சொல்லாமல் அருகில் நின்று பாருங்கள்.